ஏற்காட்டுக் காபி தொடும் மரபணு

[காட்சி: ஏற்காட்டுக் காபித் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் வெள்ளைப் பூக்கள்.]

வணக்கம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி இது. கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், மலையே மணக்கும்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் பார்கின்சன், அதாவது நடுக்குவாதம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் காபி குடிப்பார். போன வாரம் கேட்டார்: "கண்ணு, காபி குடிச்சா இந்த நடுக்கம் குறையும்ங்கறாங்களே, நெசமா?"

அவருக்கு முழுசாகப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: செல்லின் மேல்சவ்வு. அதை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம்.]

நம் 22-ஆம் குரோமோசோமில் அடோரா2ஏ என்று ஒரு மரபணு இருக்கிறது. அது சொல்லும்படி உருவாகும் புரதம்தான் ஏ2ஏ ஏற்பி. செல்லின் மேல்சவ்வில் நின்று, அடினோசின் என்ற பொருள் வந்து ஒட்டினால் உள்ளே சேதி அனுப்பும். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும், தூக்கம் வரும். காபியில் இருக்கும் காஃபீன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் சேதி அனுப்பாது. காலைக் காபியின் சுறுசுறுப்பு இதுதான்.

[காட்சி: இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்.]

மூளையின் ஆழத்தில், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில், இந்த ஏற்பி மிக அடர்த்தியாக இருக்கிறது. அங்கே பிரேக் வேலை செய்யும் நரம்பு செல்கள் உண்டு. டோபமைன் என்ற மூளை ரசாயனம் அந்தப் பிரேக்கைத் தளர்த்தும். அடினோசின் ஏ2ஏ வழியாக அதையே அழுத்தும். பார்கின்சனில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. பிரேக்கில் கால் வைத்தபடியே மலை ஏறும் பஸ் போல ஆகிவிடுகிறது உடம்பு. சரி, டோபமைன் குறைந்துவிட்டது, ஏ2ஏ-யையாவது அடைத்தால் என்ன?

ஹவாயில் 8004 ஆண்களை முப்பது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. காபி அதிகம் குடித்தவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்திருந்தது. ஆனால் நோய் வந்தவர்களுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுச் சோதனையில் அசைவுக் கோளாறு குறையவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். வாட்ஸ்அப்பில் வருவது முதல் பாதி மட்டும். அதுதான் எனக்கு வருத்தம்.

காஃபீன் ஏ2ஏ-யோடு மற்ற அடினோசின் ஏற்பிகளையும் தொடும். ஏ2ஏ-யைத் தேடிப் போய் அடைக்கும்படி, காஃபீனின் அதே சாந்தீன் என்ற வேதிப்பொருள் குடும்பத்தில் செய்த மாத்திரைதான் இஸ்ட்ராடெஃபிலின். ஜப்பான் 2013-லும் அமெரிக்கா 2019-லும் அனுமதித்தன. அதைத் தனியாகத் தருவதில்லை; மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தோடு சேர்த்து, அதன் வேகம் இறங்கும் நேரத்தைக் குறைக்கத் தருகிறார்கள். குறைவது சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் கீழே. தானாக உடல் முறுக்கிக்கொள்ளும் அசைவுகள் கூடலாம். ஐரோப்பா 2021-ல் அனுமதி மறுத்துவிட்டது. இதே வழியில் வந்த ப்ரெலடெனன்ட் என்ற மருந்து பெரிய சோதனைகளில் தோற்றது.

அப்புறம் இன்னொன்று: இதே ஏற்பி இதய ரத்தக் குழாய்களிலும், நோயெதிர்ப்புச் செல்களிலும் உண்டு. புற்றுநோய்க் கட்டிகள் தம்மைச் சுற்றி அடினோசினைச் சேர்த்து அந்தச் செல்களை அடக்குவதால், அங்கும் ஏ2ஏ-யை அடைத்துப் பார்க்கிறார்கள்.

[காட்சி: கோடு போட்ட நோட்டு. அருகில் காபி டம்ளர்.]

பெரியப்பாவிடம் சொன்னேன்: "காபி குடிங்க பெரியப்பா, ஆனா அது மருந்து இல்லைங்க. மாத்திரை நேரம் மட்டும் தவறக் கூடாது." மாத்திரை போட்ட மணி, நடுக்கம் திரும்பிய மணி இரண்டையும் இப்போது பெரியம்மா நோட்டில் குறித்துவருகிறார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் போகும்.