1980 மே, 2024 டிசம்பர்: ஒரு நாவலும் ஓர் இரவும்

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டின் கடைசிச் சனிக்கிழமையில், அவ்வாண்டு படித்த நூல்களைப் பற்றியும் உலகில் நடந்தவற்றைப் பற்றியும் ஒருவர் பேசுவது நம் வட்டத்தின் வழக்கம். 2024இல் பேசுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. காசாவிலும் உக்ரைனிலும் போர் ஓயவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் சிரியாவில் அசாத் குடும்பத்தின் ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட ஆட்சி கவிழ்ந்தது. ஆயினும் நூல்களைத் தனியாகவும் செய்திகளைத் தனியாகவும் பிரித்துப் பேச எனக்கு இம்முறை மனம் வரவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்துபோன ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த இடம் தென்கொரியா. அந்த நூல் ஹான் காங் 2014இல் வெளியிட்ட நாவல்.

அக்டோபர் 10ஆம் நாள் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, 'மரக்கறி' என்ற பெயரில் தமிழில் வந்த அவருடைய நாவலை நம்மில் சிலர் ஏற்கெனவே படித்திருந்தோம். கொரியாவில் ஒரு வார காலத்திற்குள் அவருடைய நூல்கள் பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. அவரோ செய்தியாளர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார். போர்களில் நாள்தோறும் பிணங்கள் சுமந்து செல்லப்படும்போது என்ன கொண்டாட்டம் என்று மகள் கேட்டதாக, தாமும் எழுத்தாளரான அவருடைய தந்தை சொன்னார். அந்தக் கேள்விதான் நவம்பர் மாதத்தில் என்னை அவருடைய இன்னொரு நாவலை நோக்கித் தள்ளியது. ஆங்கிலத்தில் 'ஹியூமன் ஆக்ட்ஸ்' என்று வந்த அந்நாவலின் கொரியப் பெயருக்குச் 'சிறுவன் வருகிறான்' என்பது பொருள்.

1980 மே 17ஆம் நாள் நள்ளிரவில், சுன் டூ-ஹ்வான் தலைமையிலான இராணுவத்தினர், ஆட்சியதிகாரத்தைப் படையின் கையில் ஒப்படைக்கும் படைத்துறைச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன; அரசியல் நடவடிக்கைகள் தடை செய்யப்பட்டன. மறுநாள் க்வாங்ஜு நகரத்து மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். பின் நகரமே எழுந்தது. மே 27 விடியலில் படை நகருக்குள் புகுந்து எல்லாவற்றையும் நசுக்கியது. ஹான் காங் பிறந்தது அந்த ஊரில்தான். அவர் குடும்பம் அந்தப் படுகொலைக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு சியோலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பன்னிரண்டு வயதில், இரகசியமாகக் கைமாறிவந்த ஒரு புகைப்படத் தொகுப்பில் கொல்லப்பட்டவர்களின் முகங்களை அவர் பார்த்துவிட்டார்.

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், குவித்துப் போடப்பட்ட பிணங்களின் நடுவே தன் உடலைப் பார்த்தபடி ஒரு சிறுவனின் உயிர் பேசுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நான்கு நாட்கள் கழித்துத்தான் மீண்டும் எடுத்தேன். ஆனால் இன்று உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூன்றாம் அத்தியாயத்தை. ஒரு பதிப்பகத்தில் வேலை செய்யும் இளம்பெண், தேடப்படும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எங்கே என்று சொல்லாததற்காகக் கன்னத்தில் ஏழு முறை அறையப்படுகிறாள். அவள் தணிக்கைக்குக் கொடுத்த நாடகப் பிரதி, பக்கம் பக்கமாக மை பூசிக் கறுப்பாக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. ஆனாலும் நாடகம் மேடையேறுகிறது. நடிகர்கள் ஓசை எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைக்கிறார்கள். பிரதியை முன்பே படித்திருந்த அவள், அழிக்கப்பட்ட சொற்களை அந்த உதடுகளிலிருந்து படித்துக்கொள்கிறாள்.

இதைப் படித்து முடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. டிசம்பர் 3ஆம் நாள் இரவு பத்தரை மணி அளவில், தென்கொரியக் குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் தோன்றிப் படைத்துறைச் சட்டத்தை அறிவித்தார். பதினோரு மணிக்கு அமலான முதல் ஆணையில், நாடாளுமன்றத்தின் செயல்பாடு தடை செய்யப்பட்டதோடு, எல்லா ஊடகங்களும் பதிப்புத் துறையும் இராணுவக் கட்டளையகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்றும் எழுதியிருந்தது. 'பதிப்பு' என்ற அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. கொரிய மொழியில் எழுதியவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட ஒரு வாரமே இருந்தபோது, அவருடைய நாட்டில் மை பூசும் கை மறுபடி நீண்டது.

அதன்பின் நடந்ததை நீங்களும் நேரலையில் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் இறங்கின. அவைத் தலைவரும் உறுப்பினர்கள் பலரும் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றார்கள். ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் குவித்து வழியை அடைத்தார்கள். வெளியே, அந்தக் குளிரில், மக்கள் வெறுங்கையோடு படை வண்டிகளை மறித்தார்கள். நள்ளிரவு ஒரு மணி அளவில், வந்து சேர்ந்திருந்த 190 உறுப்பினர்களும், குடியரசுத் தலைவரின் கட்சியைச் சேர்ந்த சிலர் உட்பட, ஆணையை நீக்க வாக்களித்தார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் கேட்டால் படைத்துறைச் சட்டத்தை விலக்கியே ஆக வேண்டும் என்பது, 1987ஆம் ஆண்டு மக்கள் எழுச்சிக்குப் பின் உருவான அரசமைப்பில் உள்ள விதி. விடிவதற்குள் ஆணை விலக்கப்பட்டது.

நாவலைப் படித்ததால்தான் மக்கள் திரண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உயிரைப் பணயம் வைத்து நின்றவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் படைத்துறைச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அது எங்கே போய் முடியும் என்பது, 1980இல் பிறந்தேயிராத இளைஞர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவைப் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் காத்துவந்தார்கள். 1996இல் சுன் டூ-ஹ்வானைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் காத்தது. 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்ற க்வாங்ஜு ஆவணங்கள் காத்தன. அந்த வரிசையில் இந்த நாவலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதே நான் சொல்ல வருவது. ஆவணத்தில் எண்ணாக இருப்பவனை, நம் வீட்டுப் பையனாக நினைக்க வைத்தது நாவல்.

டிசம்பர் 7ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய நோபல் உரையில் ஹான் காங் இதையே வேறு விதமாகக் கேட்டார். நிகழ்காலம் கடந்தகாலத்துக்கு உதவ முடியுமா, உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களைக் காப்பாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளை அவர் இருபதுகளில் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைப்பாராம். க்வாங்ஜுவைப் பற்றிப் படிக்கப் படிக்க, அது முடியாத காரியம் என்றே தோன்றியிருக்கிறது. பிறகு, இரவுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் இளைஞர் எழுதிய குறிப்பு அவர் கண்ணில் பட்டது. படை திரும்பி வரும் என்று தெரிந்தும் இடத்தை விட்டு அகலாமல் அந்த விடியலில் கொல்லப்பட்ட அவர், இந்த மனசாட்சி ஏன் என்னை இப்படிக் குத்தி வருத்துகிறது என்று கடவுளிடம் கேட்டுவிட்டு, வாழ விரும்புகிறேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபின், கேள்விகளைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஹான் காங்குக்குத் தெரிந்துவிட்டது. கடந்தகாலம் நிகழ்காலத்துக்கு உதவ முடியுமா? இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா?

அந்த உரைக்குச் சில மணி நேரம் முன்புதான் சியோலில் குடியரசுத் தலைவர் மீதான பதவிநீக்கத் தீர்மானம், போதிய உறுப்பினர்கள் வாக்களிக்காததால் தோற்றிருந்தது. ஒரு வாரம் கழித்து, 14ஆம் நாள், தீர்மானம் மீண்டும் வந்தபோது, எதிர்க்கட்சியின் அவைக்குழுத் தலைவர் ஹான் காங்கின் அதே கேள்வியை மன்றத்தில் எழுப்பி, 1980 மே 2024 டிசம்பரைக் காப்பாற்றியது என்றார். 204 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேறியது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது.

வட்டத்திடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஜனவரிக் கூட்டத்திற்கு இந்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் நாடகக் காட்சியை யாராவது ஒருவர் எழுந்து நின்று, சத்தமாக வாசிக்க வேண்டும்.