தீயைப் பையப் போகச் சொன்னவர்

(திரையில் ஒரே சொல்: பைய)

நெல்லைப் பக்கம் பேருந்துப் படியில் ஒரு மூதாட்டி கால் வைக்கிறார். கீழே நிற்கும் பேரன் சொல்கிறான்: "ஆச்சி, பைய எறங்குங்க." கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலை ஊன்றி வையுங்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளை தூங்கும் வீட்டில் "பையப் பேசு" என்றால் குரலைத் தாழ்த்து. "அவன் பைய நழுவிட்டான்" என்றால் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டான். "அதைப் பைய பாத்துக்கலாம்" என்றால் இப்போது அவசரமில்லை.

(திரையில்: குறள் 1098)

இதை வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் வள்ளுவரிடமே இருக்கிறது: "பசையினள் பைய நகும்." அவன் பார்க்கிறான், அவள் மனம் இளகி மெல்லச் சிரிக்கிறாள். சிரிப்புக்கு ஏது வேகம்? இங்கே பைய என்பது மென்மை. சங்கப் பாடல்களில் இது 'பைபய' என்று இரட்டித்து வரும். நாம் இன்று 'பையப் பைய' என்கிறோமே, அதேதான்.

வேர் எது? 'பை' என்பதற்குப் பசுமை, இளமை என்ற பொருள்கள் உண்டு. பைங்கிளி, பைங்கூழ், பையன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இளசான எதையும் அழுத்திப் பிடிக்க முடியாது. அதனால் 'பைய'வையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றுகிறது. கையில் தூக்குகிற பை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கொன்றை வேந்தனில் ஔவையார் "பையச் சென்றால் வையந் தாங்கும்" என்கிறார். மலையாளத்திலும் சொல் உயிரோடு இருக்கிறது: "பையெத் தின்னால் பனையும் தின்னாம்." நிதானமாகத் தின்றால் பனைமரத்தையே தின்றுவிடலாமாம்!

(திரையில்: மதுரை, திருஆலவாய்க் கோயில் கோபுரம்)

சரி, இந்தச் சொல்லின் மிகப் பெரிய இடத்துக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டு மதுரை. திருஞானசம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அந்தத் தீ, சமணத்துக்கு மாறியிருந்த பாண்டிய அரசனிடம் போகட்டும் என்று சம்பந்தர் பாடுகிறார். எப்படிப் போக வேண்டும்? "பையவே சென்று பாண்டியற் காகவே."

சினத்தில் பாடும் பாட்டில் 'பையவே' எதற்கு? 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு முழுப் பாடல் எழுதினார். அரசி மங்கையர்க்கரசியாரின் தாலி நிலைக்க வேண்டும். அமைச்சர் குலச்சிறையாரின் அன்பு இருக்கிறது. குற்றம் அரசன் மேலும் இருக்கிறது, ஆகவே தீ போகத்தான் வேண்டும். ஆனால் அவன் மறுபடி சைவத்துக்குத் திரும்பப் போகிறவன், சம்பந்தர் கையால் திருநீறு பூசப்படும் பேறு பெற்றவன். ஆகவே, பைய.

தீ வெப்பு நோயாக அரசனைப் பற்றியது, கொல்லவில்லை. சம்பந்தரே வந்து நீறு பூசி அதைத் தணித்தார்.