தேய்மானம் 12 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியென்றால் பிரேக்கருக்கு சர்வீஸ் வேண்டாமா?

சரி, அடுத்த கேள்வி கொட்பே பக்கம் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அனுப்பியது. "அண்ணா, எங்கள் மெயின் போர்டில் 800 ஆம்பியர் ஏசிபி, அதாவது ஏர் சர்க்யூட் பிரேக்கர். ஓவர்லோடுக்கான எல் குமிழ் 0.8-இல், நேரம் 8 செக்கனில் இருக்கிறது. இரண்டு கம்ப்ரசரும் ஓடும்போது ட்ரிப் ஆகி, எல் விளக்கு எரிகிறது. ரீசெட் பண்ணிப் போட்டால் முன்னதைவிடச் சீக்கிரம் விழுகிறது. ஆனால் கான்டாக்ட் தேய்மானம் 12 சதவீதம் என்றுதான் டிஸ்ப்ளே சொல்கிறது. பிரேக்கர் பழுதா? சர்வீஸ் தேவையா?"

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரேக்கர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, தம்பி. 800-இல் 0.8 என்றால் 640 ஆம்பியர். 640-ஐத் தாண்டியதும் பட்டென்று விழாது. பிரேக்கர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 60947-2-இன்படி 1.05 மடங்கில் விழக்கூடாது, 1.3 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அந்த 8 செக்கனைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலான ட்ரிப் யூனிட்டுகளில் (கரண்டை அளந்து பிரேக்கரை விழச் சொல்லும் எலெக்ட்ரானிக் பகுதி) அது ஆறு மடங்கு கரண்டுக்கான நேரம், அதாவது 3840 ஆம்பியர் ஓடினால் 8 செக்கன். கரண்ட் பாதியானால் நேரம் நான்கு மடங்காகும். இரண்டு மடங்கில், அதாவது 1280 ஆம்பியரில், ஏறக்குறைய 72 செக்கன் தாங்கும்.

அப்போ ரீசெட் பண்ணினால் ஏன் சீக்கிரம் விழுகிறது? யூனிட்டுக்கு வெப்ப ஞாபகம் இருக்கிறது. பழைய பிரேக்கரில் வளைகிற உலோகப் பட்டை ஆறும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? எலெக்ட்ரானிக் யூனிட் அதே ஆறுதலைக் கணக்காகப் போட்டு வைத்திருக்கிறது. உள்ளே கேபிள் இன்னும் சூடு, நீங்கள் அவசரப்பட்டு மறுபடி சுமையைப் போடுகிறீர்கள், அது மிச்சச் சூட்டையும் சேர்த்துத்தான் எண்ணும். அதற்காகக் குமிழை 1-க்குத் திருப்பிவிடாதீர்கள். 0.8 என்று வைத்தவர் அநேகமாக கேபிளைப் பார்த்து வைத்திருப்பார். பிரேக்கர் 800 தாங்கும், கேபிள் தாங்குமா?

ரீசெட்டைத் தொடுவதற்கு முன் ட்ரிப் பதிவை ஃபோனில் படம் எடுங்கள். சில யூனிட்டுகளில் ரீசெட் பண்ணினால் விளக்கு அணைந்துவிடும். மூன்று பேஸிலும் 700, 720 என்று இருந்தால் உண்மையான ஓவர்லோட். ஒரு பேஸ் மட்டும் ஏறியிருந்தால் தேட வேண்டியது வேறு இடத்தில். எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ், ஐ குமிழ்கள் ஷார்ட் சர்க்யூட்டுக்கு, உங்கள் கதையில் அவற்றுக்கு வேலை இல்லை.

எர்த் கசிவுக்கான ஜி பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அடிக்கடி ஏமாற்றுவது அதுதான். உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் மாலையானால் ஜி ட்ரிப். இரண்டு நாள் எர்த் கசிவைத் தேடினோம். கடைசியில் பார்த்தால், போர்டில் வேலை செய்த யாரோ நியூட்ரல் சிடியை, அதாவது கரண்டை அளக்கும் சுருளை, தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். யூனிட் மூன்று பேஸையும் நியூட்ரலையும் கூட்டிப் பூச்சியம் வருகிறதா என்று பார்க்கும். திசை மாறினால் நியூட்ரல் கரண்ட் இரண்டு மடங்காகக் கசிவுக் கணக்கில் விழும். பகலில் சுமை சமமாக இருந்ததால் தெரியவில்லை, அறை ஏசிகள் ஏறுமாறாக ஓடத் தொடங்கியதும் விழுந்தது. இன்னொன்று, இந்த ஜி-யை வீட்டு ட்ரிப் சுவிட்ச் போல நினைக்காதீர்கள். வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர். இங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஆளுக்கு ஷாக் அடித்தால் இது காப்பாற்றாது.

இனி அந்த 12 சதவீதம். யாரும் கான்டாக்ட்டை எட்டிப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கரண்டை வெட்டியது என்று யூனிட் குறித்து வைத்து, கூட்டி, உற்பத்தியாளர் கொடுத்த அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. பெரிய ஷார்ட் ஒன்றை வெட்டினால் சட்டென்று ஏறும், சுமையில்லாமல் நூறு தடவை திறந்து மூடினாலும் அசையாது. பல மாடல்களில் இந்தக் கணக்கு யூனிட்டுக்குள்தான் இருக்கும். பழைய பிரேக்கரில் புது யூனிட் மாட்டினால் பூச்சியத்தில் தொடங்கும்! உங்கள் யூனிட் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

அந்த எண்ணுக்குத் தெரியாதது நம் ஊர் உப்புக் காற்று. கடலுக்குப் பக்கத்தில், ஐஸ் ஈரத்தில் நிற்கிற போர்டு. கிரீஸ் காய்ந்து மெக்கானிசம் இறுகினால் யூனிட் சரியான நேரத்தில் கட்டளை கொடுத்தும் பிரேக்கர் தாமதமாகத் திறக்கும். வெளியே இழுக்கிற பிரேக்கரில் சிறிய கன்ட்ரோல் கான்டாக்ட்டுகளில் பச்சை பிடிக்கும். கேபிள் முனையைப் பிடிக்கும் லக் தளர்ந்தால் சூடேறும். 12 சதவீதம் அப்படியே 12 சதவீதமாக நிற்கும்.

ஆகவே சர்வீஸ் வேண்டும். முதலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, தகுதியுள்ள ஒருவரை வைத்துத் தெர்மல் கேமராவால் லக்குகளைப் பாருங்கள். பிறகு நிறுத்தி, பூட்டி, கான்டாக்ட் மின்தடையை மைக்ரோ ஓமில் அளந்து மூன்று பேஸையும் ஒப்பிடுங்கள். சோதனைப் பெட்டியைச் செருகி யூனிட்டைச் சோதிக்கிறவர் "எல்லாம் பாஸ்" என்றால், சிடியையும் சேர்த்துச் சோதித்தாரா என்று கேளுங்கள். அந்தச் சோதனையில் கரண்ட் சிடி வழியாகப் போவதில்லை. அதற்குப் பெரிய கரண்டை பிரேக்கர் வழியாகவே அனுப்ப வேண்டும். இதையெல்லாம் வாடைக்காற்று மழை தொடங்கும் முன், ஒக்டோபருக்குள் செய்துவிடுங்கள் தம்பி. ட்ரிப் பதிவின் படத்தை எனக்கு அனுப்புங்கள், எந்தப் பேஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.