கப்பல் நிக்கிற நேரத்துல ஊரு தூங்கிடும்: சபாங்ல ஒரு நாள்

[திரையில மேப்: சுமத்ராவோட வடக்கு முனை]

வணக்கம் மக்களே. இந்தோனேசியாவோட சுமத்ரா தீவுல, வடமேற்கு மூலைல அச்சே மாகாணம் இருக்குல்ல, அதுக்கும் மேல கடல்ல ஒரு சின்னத் தீவு தெரியுதா, அதான் புலாவ் வே, அந்தத் தீவுல இருக்கிற துறைமுக ஊருதான் சபாங். இந்தியாவோட கிரேட் நிக்கோபார் இங்கருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனா நிறைய பேர் இந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்தில இலாமுரிதேசம்னு ஒண்ணு வரும், அது இந்த அச்சே பக்கம்தான்னு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க, அந்தக் கடல் வழிலதான் இன்னைக்கு க்ரூஸ் கப்பல் வந்து நிக்குது.

இந்த குட்டி ஊருக்கு எதுக்கு இவ்ளோ ஆழமான துறைமுகம்னு கேட்டீங்கன்னா, அது இயற்கையாவே அமைஞ்ச குடா. 1869ல சூயஸ் கால்வாய் திறந்தப்புறம் நீராவிக் கப்பல் போக்குவரத்து எகிறுச்சு, மலாக்கா நீரிணை வாசல்லயே இந்தக் குடா இருக்கிறதால டச்சுக்காரங்க இங்க நிலக்கரி நிரப்புற ஸ்டேஷன் போட்டாங்க. ஒரு மாதிரி அந்தக் காலத்து பெட்ரோல் பங்க். அப்புறம் கப்பலெல்லாம் எண்ணெய்க்கு மாறிடுச்சு, ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு, ஊரு அப்படியே அடங்கிப் போச்சு. டவுன்ல நடந்தா அந்தக் கால டச்சு கட்டடங்களும் பெரிய பெரிய மரங்களும் இன்னும் இருக்கு.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன். வழக்கமா எந்த போர்ட்ல இறங்கினாலும் என்ன சொல்வாங்க, தூரமா இருக்கிறதை முதல்ல பாரு, பக்கத்துல இருக்கிறதை கடைசியா பாத்துட்டு கப்பல் ஏறுன்னு. சபாங்ல அப்படி பண்ணா மாட்டிக்குவீங்க. ஏன்னா இந்த ஊரு மதியம் தூங்கும். சும்மா சொல்லல, மதிய சாப்பாட்டு நேரத்துல பாதி கடைக்கு மேல ஷட்டர் இறங்கிடும், சாயங்காலம்தான் திரும்ப திறப்பாங்க. அங்கயே இதை "சந்தாய்" ஊருன்னு சொல்வாங்க, அதாவது அவசரமே இல்லாத ஊரு. நீங்க மதியம் ரெண்டு மணிக்கு ஷாப்பிங் பண்ணலாம்னு வந்தா தெருவுல நீங்களும் நாலு பூனையும்தான் இருப்பீங்க. அதனால கப்பலை விட்டு இறங்கினதும் டவுனை முதல்ல முடிங்க. நடந்தே போகலாம், ஒரு அச்சே காப்பி குடிங்க, ஏடிஎம்ல ருபியா, அதாவது இந்தோனேசியப் பணம், எடுத்துக்கோங்க (நோட்ல இருக்கிற சைபரைப் பாத்து பயந்துடாதீங்க), ஒரு வண்டி பேசுங்க. பேசும்போதே எந்தெந்த இடம், திரும்ப எத்தனை மணிக்கு போர்ட்னு தெளிவா சொல்லிடுங்க. மேற்கு இந்தோனேசிய நேரம் இந்திய நேரத்தை விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி, கப்பல் கடிகாரம் இதுல எதை ஃபாலோ பண்ணுதுன்னு இறங்கும்போதே கேட்டுக்கோங்க, இதுல கோட்டை விட்டு கப்பலை மிஸ் பண்றவங்க எல்லா போர்ட்லயும் இருக்காங்க.

[திரையில: தீவோட மேற்குப் பக்கம்]

டூர் பஸ்ல ஏத்தினா பெரும்பாலும் கிலோமீட்டர் ஜீரோ நினைவுச்சின்னத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. டவுன்லருந்து சுமார் 30 கிலோமீட்டர், வளைஞ்சு வளைஞ்சு காட்டு ரோடு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நாம காஷ்மீர்லருந்து கன்னியாகுமரி வரைன்னு சொல்றோம்ல, இந்தோனேசியாக்காரங்க சபாங்லருந்து கிழக்குக் கோடில இருக்கிற மெராவ்கே வரைன்னு சொல்வாங்க, அந்த ஆரம்பப் புள்ளிதான் இது. அவங்களுக்கு அது உணர்ச்சியான இடம், நமக்கு ஒரு போட்டோ, கொஞ்சம் குரங்கு, அவ்ளோதான். (கையில பிஸ்கட் பாக்கெட் வெச்சுக்காதீங்க.) இன்னொரு விஷயம், உண்மையான வடக்கு எல்லை இது கூட இல்ல, அது இன்னும் தள்ளி கடல்ல இருக்கிற ரொண்டோ தீவு.

என்னைக் கேட்டா அதே ரோட்டுல கொஞ்சம் முன்னாடியே வர்ற இபோய் கடற்கரைல இறங்கிடுங்க. எதிர்லயே ரூபியா தீவு, படகுல சில நிமிஷம்தான். மாஸ்க் போட்டு தலையை தண்ணிக்குள்ள விட்டா போதும், மீன் கூட்டம் முகத்துக்கு முன்னாடி வந்து நிக்கும். பவளப்பாறை மட்டும் பழைய மாதிரி எதிர்பாக்காதீங்க, 2010ல கடல் சூடேறி இங்க நிறைய வெளுத்துப் போச்சு. நீச்சல் தெரியாதவங்களுக்கு அடில கண்ணாடி வெச்ச படகு இருக்கு. தெரிஞ்சவங்களும் லைஃப் ஜாக்கெட் போடுங்க, ரெண்டு தீவுக்கும் நடுவுல நீரோட்டம் இழுக்கும். ரூபியா உள்ள ஒரு இடிஞ்ச கட்டடம் இருக்கும், ஹஜ் போயிட்டு கப்பல்ல திரும்பினவங்களை டச்சுக்காரங்க க்வாரன்டீன்ல வெச்ச இடம், குளிச்சு முடிச்சவங்க பாதி பேர் அதைப் பாக்காமலேயே வந்துடறாங்க.

கடல்ல இறங்கவே வேணாம்னா கிழக்குப் பக்கம் போங்க. சுமுர் தீகா பீச், அப்படின்னா மூணு கிணறு. அதைத் தாண்டி அனோய் இத்தாம், பேருக்கு அர்த்தமே கறுப்பு மணல். அங்க குன்று மேல ஜப்பான்காரங்க கட்டின பங்கர் இருக்கு, 1942ல தீவைப் பிடிச்சாங்க, 1944 ஏப்ரல்ல நேச நாட்டு விமானந்தாங்கிக் கப்பல்லருந்து வந்த விமானங்க சபாங்கை குண்டு போட்டுச்சு. பங்கர்ல இருக்கிற துவாரம் வழியா கடலைப் பாத்தா எதுக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு உடனே புரியும். ஜபோய்னு ஒரு எரிமலைச் சரிவும் இருக்கு, கந்தகப் புகை வரும், நேரம் மிச்சம் இருந்தா மட்டும்.

டிரஸ் விஷயம். அச்சேல ஷரியா சட்டம் நடைமுறைல இருக்கு, பிகினி வேணாம், பெண்கள் டீஷர்ட் லெக்கிங்ஸோட தண்ணில இறங்கலாம், ஆண்கள் முட்டிக்குக் கீழ வர்ற மாதிரி போட்டுக்கோங்க. சரக்கும் கப்பல்லயே இருக்கட்டும். உங்க கப்பல் வெள்ளிக்கிழமை வந்தா ப்ளான் இன்னும் மாறும், ஜும்மா தொழுகை நேரத்துல எல்லாம் நிக்கும், மீனவங்க அன்னைக்கு கடலுக்கே போக மாட்டாங்க, பங்லிமா லாவோட்னு அவங்களுக்குன்னு ஒரு கடல் வழக்க அமைப்பு இருக்கு, அது போட்ட கட்டுப்பாடு. 2004 சுனாமி நினைவா டிசம்பர் 26லயும் அதேதான்.

சாப்பாடுன்னா சபாங்ல எல்லாரும் சொல்றது சாத்தே குரித்தா, ஆக்டோபஸை குச்சில குத்தி சுட்டு, மேல கெட்டியா குழம்பு ஊத்தித் தருவாங்க. சிக்கல் என்னன்னா அந்தக் கடைங்க சூடு பிடிக்கிறதே சாயங்காலம்தான், அப்ப உங்க கப்பல் குடாவை விட்டு வெளில போயிட்டிருக்கும். அதுக்காகவே அச்சேயோட தலைநகர் பண்டா அச்சேலருந்து முக்கால் மணி நேர ஃபெர்ரில, இந்தத் தீவுல ஃபெர்ரி நிக்கிற பாலோஹானுக்கு வந்து ஒரு ராத்திரி தங்குறவங்க இருக்காங்க, அந்த வழியை அடுத்த வீடியோல காட்டுறேன்.