1,850 ரூபாய் கணுக்கால் மாடல்ல லிகமெண்ட்டையே மாத்தி ஒட்டியிருக்காங்க!

வணக்கம் மக்களே! போன வீடியோவுல சொன்னேன்ல, அந்தப் பாத மாடல் வந்தாச்சு. 1,850 ரூபாய். கூரியர் 120 தனி. ஒரே ஒரு பாதத்துக்கு! சரி, விலையை விடுங்க, இதைப் பாருங்க, கேமராகிட்ட காட்டறேன். வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்குதே, இது ஃபிபுலாவோட, அதாவது முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா இருக்கிற ஒல்லி எலும்போட கீழ்முனை, லேட்டரல் மேலியோலஸ். அங்கேருந்து ஒரு வெள்ளை ரப்பர் பட்டை கிளம்புது, அதான் லிகமெண்ட், எலும்பையும் எலும்பையும் கட்டற நார். மேல ‘ஆன்டீரியர் டேலோஃபிபுலர்’னு அச்சடிச்சிருக்கு. அது எங்க போய் ஒட்டியிருக்கு? குதிகால் எலும்புல! கால்கேனியஸ்ல!

பேர்லயே விலாசம் இருக்குப்பா. முன்பக்கமா, ஃபிபுலாவுலருந்து டேலஸுக்கு, அதாவது குதிகால் எலும்பு மேல உக்காந்திருக்கிற கணுக்கால் எலும்புக்குப் போகணும். கால்கேனியஸுக்குப் போறது கால்கேனியோஃபிபுலர், அது கீழயும் கொஞ்சம் பின்னாலயும் சரியும். அதுவும் இங்க இருக்கு. ஆக அது ரெண்டு, நமக்கு வேண்டியது ஒண்ணு கூட இல்ல. கால் பிரளும்போது அதிகமா கிழியறதே இந்த முன்பக்கத்துதான், அதைப் போய் விட்டுட்டாங்க!

ஏன் அதுவே கிழியுதுன்னா, டேலஸோட மேல்பரப்பு முன்னால அகலம், பின்னால குறுகல். மேல கீழ்க்கால்ல இருக்கிற ரெண்டு எலும்பும் அதை ஸ்பேனர் வாய் மாதிரி பிடிச்சிருக்கும். படியில இறங்கும்போது பாதம் நுனி கீழ பார்க்க நீளும், அதான் பிளான்டார் ஃப்ளெக்ஷன். அப்போ குறுகின பாகம் வாய்க்குள்ள வந்துடும், பிடி தளரும். அதே நேரத்துல இந்த லிகமெண்ட் கிட்டத்தட்ட செங்குத்தா விறைச்சு நிக்கும். உள்ளங்கால் உள்பக்கமா திரும்பிச்சுன்னா, அதாவது இன்வெர்ஷன், மொத்த இழுவையும் இதுமேலதான். உள்பக்கத்து லிகமெண்ட், பேரு டெல்டாய்ட், நல்லா தடிமனானது, அவ்வளவு சீக்கிரம் கிழியாது.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன்! இன்வெர்ஷன் முக்கியமா நடக்கிறது கணுக்கால் மூட்டுல இல்ல, அதுக்குக் கீழ, டேலஸும் கால்கேனியஸும் சேர்ற சப்டேலர் மூட்டுல. வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, இதைத்தான் நோண்டிக் கேப்பாங்க. அப்புறம், ‘லேட்டரல்’னா உடம்போட நடுக்கோட்டுலருந்து தள்ளி. நிமிர்ந்து நின்னு, முகம் நேரா பார்த்து, உள்ளங்கை முன்னால தெரியற நிலையை வச்சுத்தான் எல்லாத் திசையும். பேஷண்ட் குப்புறப் படுத்தாலும் ஆன்டீரியர் ஆன்டீரியர்தான். கை கால்ல ‘மேல, கீழ’ன்னு எழுதறது எனக்குச் சுத்தமா பிடிக்காது. உடம்போட சேர்ற பக்கம் ப்ராக்ஸிமல், விரல் பக்கம் டிஸ்டல், அவ்வளவுதான்.

மாடல்ல உருப்படியா இருக்கிறது பெரோனியல் டெண்டன்கள், பாதத்தை வெளிப்பக்கமா திருப்பற தசைகளோடது. மேலியோலஸுக்குப் பின்னால கரெக்டா போகுது. லிகமெண்ட் எலும்பை எலும்போட கட்டும், டெண்டன் தசையை எலும்போட. உங்க கால்லயே பாருங்க. உள்ளங்காலை வெளிப்பக்கமா திருப்பி அப்படியே வைங்க, மேலியோலஸுக்குப் பின்னால கயிறு மாதிரி புடைக்குதுல்ல? அது டெண்டன். தசை இழுத்தாத்தான் அப்படிப் புடைக்கும், லிகமெண்ட் புடைக்காது.

இதே மாடல் வாங்கினவங்க திருப்பி அனுப்ப வேண்டாம், கூரியர் காசு வேற போகும். பிளேடால பட்டையோட கீழ்நுனியை மட்டும் உரிங்க. டேலஸோட கழுத்துல, வெளிப்பக்கம் ஃபிபுலா உரசற பரப்புக்கு ஒட்டி முன்னால, ஒரு சொட்டு ஃபெவிக்விக். பாதத்தை நுனி கீழ பார்க்க வச்சுக்கிட்டு ஒட்டுங்க, முக்கியம். நேரா வச்சு ஒட்டினா பிளான்டார் ஃப்ளெக்ஷன் காட்டும்போது பட்டை பிச்சுக்கிட்டு வந்துடும். பழைய பசையை நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால துடைக்காதீங்க, பிளாஸ்டிக் இளகி பாழாயிடும்.