சனிக்கிழமை ரயில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்காரி. தென்பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், மாந்தோப்பு ஓரத்தில் எங்கள் வீடு. 2016 முதல் 2018 வரை ஜெர்மனியில் ஆகன் என்ற ஊரில் முதுகலைப் பொறியியல் படித்தேன். இப்போது ஓசூரில் வேலை. வெளிநாட்டில் படித்த அனுபவம் என்று என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் விசா, கட்டணம், வேலை வாய்ப்பு இவற்றைத்தான் கேட்பார்கள். இன்று சனிக்கிழமைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

காரணம் என் அம்மா கேட்ட ஒரு கேள்வி. நான் அங்கே போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, வாரா வாரம் ஒரு ஊரிலிருந்து படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். நாலைந்து படம் பார்த்ததும் ஒருநாள் போனில் கேட்டார்: "நீ படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" கோபமாகக் கேட்கவில்லை. தோப்பைக் குத்தகைக்கு விட்டு, வங்கியில் கடன் வாங்கி அனுப்பிய தாய் கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் பிள்ளையை வெளிநாடு அனுப்பிவிட்டு இதே கேள்வியோடு இருக்கிற பெற்றோர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

நான் போய் இறங்கியது அக்டோபரில். டிசம்பர் வந்தபோது காலை எட்டரைக்கு மேல்தான் விடிந்தது, மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகூடத் திறக்காது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. முதல் இரண்டு மாதம் வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு என்றுதான் இருந்தேன். சனி, ஞாயிறு முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்ததுண்டு. திங்கட்கிழமை வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அதே விடுதியில் நெய்வேலிப் பையன் ஒருவன் இருந்தான். பொதுச் சமையலறையில் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பாக்கெட்லயே ரயில் இருக்கு, தெரியுமா?" என்றான். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பருவமும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணத்திலேயே ஒரு பயணச்சீட்டுக்கான தொகையும் சேர்ந்திருக்கிறது. மாணவர் அட்டையோடு அதை வைத்துக்கொண்டால் போதும், அந்த மாநிலம் முழுக்க எந்த ஊருக்கும் போகலாம். ஊர்ப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. செமஸ்டர் டிக்கெட் என்பார்கள். இப்போது நிலைமை இன்னும் நல்லது. 2024 முதல் பல பல்கலைக்கழகங்களில் அந்தச் சீட்டே நாடு முழுவதற்கும் செல்லுகிறது.

இது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத்தான் விளங்கும். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய பாதை போட்டு வண்டி ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ரயில் வரும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். ஊரை விட்டுக் கிளம்பும் வரை என் வாழ்நாளில் ஏறிய ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவளுக்குச் சனிக்கிழமை காலையில் மணிக்கொரு ரயில் காத்திருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் போதும் என்றால் எப்படி இருக்கும்?

அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம். அந்தப் பையன், நான், பூனாவிலிருந்து வந்த ஒருத்தி, ஈரான் நாட்டுப் பெண் ஒருத்தி, கொலம்பியா நாட்டுப் பையன் ஒருவன். படித்து முடிக்கும் வரை எங்கள் கூட்டம் இந்த ஐந்து பேர்தான். வழக்கம் எளியது. வெள்ளி இரவு யாராவது ஒருவர் சமைக்க வேண்டும். என் முறை வந்தால் புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல். வெளியே ஒருவேளை சாப்பிடும் காசில் வீட்டில் இரண்டு மூன்று நாள் சமைத்துச் சாப்பிடலாம் என்பதால் டப்பா கட்டாமல் கிளம்புவதில்லை. காலை ஏழு மணி ரயில். இரவுக்குள் திரும்பிவிட வேண்டும், எங்கும் தங்குவதில்லை. தங்கினால்தான் செலவு.

முதல் பயணம் ரயிலில்கூட இல்லை, ஊர்ப் பேருந்தில்தான். ஆகன் நகரத்தை ஒட்டி ஒரு குன்று. அதன் மேல் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. உயரம் 322 மீட்டர்தான், ஆனால் ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்துப் பகுதியில் அதைவிட உயரமான இடம் கிடையாது. நம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் நின்று பார்த்தவர்களுக்கு அது மேடு மாதிரிதான் தெரியும். ஒரு சிறிய கல் நட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி நடந்தால் பத்து நொடியில் மூன்று நாடு. வேலி இல்லை, காவலர் இல்லை. மற்றவர்கள் வியந்து வியந்து படம் எடுத்தார்கள். எனக்கு ஓசூர் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சேரும் மாவட்டம் நம்முடையது. டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் கேட்க, கடைக்காரர் கன்னடத்தில் பதில் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் தமிழில் நடுவே புகுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். எல்லை என்பது மனிதர்கள் கலக்கும் இடம் என்று அந்தக் குன்றில் நின்று என் நண்பர்களுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஈரானியப் பெண் அதன் பிறகு நெடுநேரம் தன் ஊரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இடையில் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. காவலர் நிற்கவில்லை என்றாலும் அது வேறு நாடுதான். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அனுமதி அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளாமல் எல்லை தாண்டாதீர்கள்.

கொலோன் நகரப் பேராலயத்தைப் பற்றி நிறைய பேர் சொல்லியிருப்பார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம், கோபுரம் 157 மீட்டர். 533 படி ஏறினோம். என் மனதில் நின்றது உயரம் அல்ல. நடுவில் வேலை நின்றுபோய், பாதிக் கோபுரத்தின் மேல் பாரம் தூக்கும் மர இயந்திரம் ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் மக்கள் தங்கள் மொட்டைக் கோபுரத்தையும் அந்த இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டே வாழ்ந்து செத்திருக்கிறார்கள். கட்டி முடிக்க வந்தவர்கள் எத்தனையாவது பேரப்பிள்ளைகளோ!

ஊப்பர்டால் என்ற ஊர்ப் பயணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடாது, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும். அடியில் ஆறு. ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால் ஊன்றி, மேலே பாதை போட்டு, 1901இலிருந்து மக்களை ஏற்றிப் போகிறார்கள். குறுகிய பள்ளத்தாக்கு, கரையெல்லாம் ஆலை, வேறு பாதை போட இடமில்லை. ஆற்றின் மேலேயே போட்டுவிட்டார்கள். 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதை. வளைவில் பெட்டி இலேசாகச் சாய்ந்து ஆடும்போது வயிறு ஊஞ்சலில் கூசுவது போலக் கூசும்.

1950இல் ஒரு சர்க்கஸ்காரர்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் குட்டி யானையை இந்த ரயிலில் ஏற்றினார்கள். டுஃபி என்று பெயர். ஆட்டத்திலும் சத்தத்திலும் மிரண்டுபோன யானை பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்துவிட்டது. நல்லவேளை, சிறு காயத்தோடு பிழைத்து, அதற்குப் பிறகும் பல வருடம் வாழ்ந்தது. ஊர்க்காரர்கள் இதைச் சிரிப்போடுதான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கூட்டம் இறங்கும் மாவட்டத்திலிருந்து போனவள் நான். இரவெல்லாம் காவல் இருக்கும் விவசாயியையும் தெரியும், தடம் தெரியாமல் சாலையில் திகைத்து நிற்கும் யானையையும் தெரியும். ரயிலில் திரும்பும்போது நம்மூர் யானைகளைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்ல ஆரம்பித்து, ஆகன் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அதுவும் ஜெர்மன் மொழியில். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நான் தப்பாகச் சொன்ன வார்த்தைகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே கேட்டார். வகுப்பில் எட்டு மாதம் இலக்கணம் படித்தேன். வாய் திறந்தது அந்த ரயிலில்தான்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். அங்கே ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. வீட்டில் சொல்லவில்லை, கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் எப்படிச் சொல்வது? தூக்கம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ரயிலில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்த நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஈரானியப் பெண், தான் அதே பாடத்தில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறியதைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அதற்கடுத்த ஆறு சனிக்கிழமைகள் ரயில் மேசையில் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். போகும்போது பாடம், திரும்பும்போது பேச்சு. இரண்டாம் முறை தேறிவிட்டேன். அறையிலேயே கிடந்திருந்தால் நான் படிப்பை முடித்திருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன். ஊர் சுற்றியதால்தான் அம்மா, படித்தேன்.

எல்லா வாரமும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக்கு முந்தின ஐந்தாறு வாரம் நூலகம்தான். பயணம் வாரத்தில் ஒருநாள், அதுவும் பொழுது சாய்ந்ததும் திரும்புகிற பயணம். அந்த அளவில் இருந்தது வரை நல்லதாகவே இருந்தது.

ஒருமுறை மட்டும் பயந்தோம். பனி கொட்டிய இரவு, வழியில் ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றுவிட்டது. மரம் ஒன்று பாதையில் சாய்ந்துவிட்டதாம். நான்கு மணி நேரம். போன் அணைந்துவிட்டது, காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. மிச்சமிருந்த புளிசோற்றை அதே ரயிலில் வந்த பெரியவர் ஒருவரோடு பகிர்ந்து சாப்பிட்டோம். காரம் தாங்காமல் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டார்.

கடைசியாக ஹம். ஆகனில் ஏறினால் கொலோன், டூசல்டார்ஃப், எசன், டார்ட்முண்ட் என்று போய் ஹம் நகரில் முடியும் ஒரே ரயில். சுமார் மூன்று மணி நேரம். அங்கே ஊருக்கு வெளியே, ஆலைகளுக்கு நடுவில், நம் ஊர்க் கோபுரம் நிற்கிறது. காமாட்சி அம்பாள் கோயில். எண்பதுகளில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி அகதிகளாகப் போன தமிழர்கள் காசு சேர்த்துக் கட்டியது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் 17 மீட்டர். கோடைக் காலத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். காவடி, பால்குடம், நாதசுரம், வளையல் கடை, வேட்டி கட்டி வடம் பிடிக்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்கிறார்கள், தாத்தாவிடம் தமிழுக்கு மாறுகிறார்கள்.

நாங்கள் ஐந்து பேரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். வயதான அம்மா ஒருவர் வந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "சாப்பிட்டனீங்களோ பிள்ளையள்?" என்றார். எட்டு மாதமாக நேரில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் எதுவும் விசாரிக்காமல் கையைப் பிடித்து அன்னதான வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். கொலம்பியாப் பையன் மூன்று முறை சோறு வாங்கினான். எந்த ஊர் என்று கேட்டபோது கிருஷ்ணகிரி என்றேன். "ஊருக்குத் திரும்பிப் போகலாம்தானே உங்களுக்கு?" என்றார். போகலாம் அம்மா என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது அம்மா ஒரு பழைய நோட்டைக் காட்டினார். நான் படம் அனுப்பிய ஒவ்வொரு ஊரையும் தேதி போட்டுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். கொலோன், பான், ஊப்பர்டால், ஹம். மொத்தம் நாற்பத்தொரு ஊர். என்னிடம்கூட அந்தக் கணக்கு இல்லை. அதுவரை அம்மா ரயிலில் ஏறியதே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை புளிசோறு கட்டிக்கொண்டு இருவரும் பஸ் பிடித்துப் பாலக்கோடு போனோம். அங்கிருந்து ஓசூருக்கு ரயில். மாரண்டஹள்ளி தாண்டி ராயக்கோட்டை மலை வந்ததும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. கேளமங்கலத்தில் நோட்டை எடுத்து மடியில் வைத்து, நாற்பத்தொன்றுக்குக் கீழே ராயக்கோட்டை என்று எழுதினார். ஓசூரில் இறங்கியதும் முதல் கேள்வி: "திரும்பறதுக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

நன்றி, வணக்கம்.