காணொளி திருச்சபையைச் சேர்த்ததா, பிரித்ததா? ‘பிரித்ததே’ அணியில் நான் பேசியது

நடுவர் அவர்களே, சேகரத்துப் போதகர் ஐயா அவர்களே, பந்தி எப்போது போடுவார்கள் என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கும் சபையாரே, தோத்திரம். லைவில் பார்த்துக்கொண்டிருக்கும் 43 பேருக்கும் தோத்திரம். அதில் பதினோரு பேர் இந்தப் பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்து போனில் பார்க்கிறீர்கள். மேடையில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

எதிரணித் தலைவர் எனக்கு நிஜமாகவே அத்தான். வீட்டில் அவர் பேசினால் நான் பேச முடியாது, அதனால்தான் இந்த மேடையை விடமாட்டேன் என்று வந்து நிற்கிறேன். அவர் 1578இல் கொல்லத்தில் அச்சடித்த தமிழ்ப் புத்தகமான தம்பிரான் வணக்கத்தில் ஆரம்பித்தார், தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வைத்த அச்சுக்கூடத்துக்கு வந்தார், அங்கே இருந்து ஒரே தாவாகத் தாவி நம் கோயிலில் போன மாதம் மாட்டிய எல்இடி திரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அச்சு, இன்றைக்குக் காணொளி, இரண்டும் ஒன்றுதான் என்றார். அத்தான், இரண்டும் ஒன்று இல்லை. எங்கள் அம்மா காலத்தில் மூன்று பேருக்கு ஒரு பாட்டுப்புத்தகம். நடுவில் இருக்கிறவள் பிடித்திருப்பாள், இரண்டு பக்கமும் இரண்டு தலை சாய்ந்திருக்கும். முந்தின நாள் குழாயடியில் சண்டை போட்டவர்கள்கூட அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், வேறு வழியே கிடையாது. இப்போது எல்லாரும் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துப் பாடுகிறோம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை. லேப்டாப்பில் இருக்கும் தம்பி கண்ணயர்ந்துவிட்டால், மொத்தச் சபையும் இரண்டாவது சரணத்தையே மூன்று தடவை பாடுகிறது.

அப்புறம் ஞானஸ்நானம். "ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறேன்" என்று நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறோம். போன வருடம் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது கேமராக்காரத் தம்பி, "ஐயா, ஃபோகஸ் ஆகல, இன்னொரு தடவ ஊத்துங்க" என்கிறான். ஐயாவும் ஊற்றினார். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஞானஸ்நானம்தான், ஆனால் மூன்று டேக்.

சரி, அத்தானின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை லைவ் கோயிலோடு சேர்த்துவைக்கிறது என்றார். எப்படிச் சேர்க்கிறது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்னச் சபை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கோழி, ஆட்டுக்குட்டி என்று காணிக்கையாக வந்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். மூன்று வருடத்துக்கு முன்னால் வாலிபர் சங்கத்துத் தம்பிகள் ஏலத்தையும் லைவில் போட்டார்கள். வெளியூரில் இருப்பவர்கள் கமெண்டில் விலை போடலாம், பணத்தை போனிலேயே அனுப்பலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் லைவ் என்று பேர்தானே தவிர, இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிடம் பிந்தும். அதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு செவலைச் சேவல் ஏலத்துக்கு வருகிறது. மஸ்கட்டில் இருந்து எங்கள் தெருத் தம்பி ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அந்தச் சேவல் வேண்டும். ஏன் வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு என்று அவன் காதில் விழுகிறது. இரண்டாயிரம் என்று டைப் அடிக்கிறான். அதற்குள் இங்கே உரக்கடை அண்ணாச்சி ஆயிரத்து எண்ணூறுக்குச் சேவலைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார், மேசைமேல் ஒரு பூசணிக்காயைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கமெண்ட் வாசிக்கும் தம்பி கத்துகிறான்: "மஸ்கட் ரெண்டாயிரம்!"

பூசணிக்காய்க்கு இரண்டாயிரமா என்று கூட்டம் அசந்துபோனது. உரக்கடை அண்ணாச்சிக்கு ரோஷம். "ரெண்டாயிரத்து ஐநூறு!" மஸ்கட்டில் இருக்கிறவனுக்கு இப்போதுதான் சேவல் ஆயிரத்து எண்ணூறில் நிற்பது தெரிகிறது. விடுவானா? "மூவாயிரம்." அண்ணாச்சி, "மூவாயிரத்து ஐநூறு!" அங்கே அவன் திரையில் இன்னும் சேவலுக்கு ஒருதரம், ரெண்டுதரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் அடிக்கிறான்: "ஐயாயிரம், எனக்குத்தான், யாருக்கும் விடாதீங்க!" மூணுதரம்! பூசணிக்காய் ஐயாயிரம்! பந்தலே எழுந்து கை தட்டுகிறது. ஐயா மைக்கை வாங்கி, இந்தப் பூசணிக்கொடியைப் போல அந்தப் பிள்ளையின் குடும்பம் படர்ந்து பெருகட்டும் என்று உருக்கமாக ஜெபம் பண்ணுகிறார். நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்லி முடிக்கவும் மஸ்கட்டில் இருந்து ஒரு கமெண்ட் வருகிறது: "சேவலுக்குத் தண்ணி வைங்க."

நடுவர் அவர்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், இன்னும் முடியவில்லை. அந்தப் பூசணிக்காயை ஆட்டோவில் ஏற்றி அவன் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவன் அம்மா வாசலில் நின்று அதைச் சுற்றி வந்து பார்க்கிறாள். "எய்யா, என் மவன் இதுக்கா அஞ்சாயிரம் குடுத்தான்? அவன் சின்னதுல இருந்தே பூசணிக்கா திங்க மாட்டானே?" ஒரு வாரத்துக்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் பூசணிக்காய்க் கூட்டு. இன்றைக்கும் எங்கள் ஊரில் யாராவது பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் "என்னல, மஸ்கட் லைவா?" என்றுதான் கேட்பார்கள். அத்தான், இதுதான் உங்கள் லைவ் சேர்த்துவைத்த லட்சணம். அவன் கேட்டது சேவல், கிடைத்தது பூசணிக்காய்.

இப்போது எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய தங்கை. நன்றாகப் பேசினாள், நீங்களும் விசில் அடித்தீர்கள். என்னைப் பார்த்து என்ன சொன்னாள்? "லைவ் வேண்டாம் என்கிற அண்ணன் வேதத்தை வாசித்ததில்லையா? நூற்றுக்கதிபதியின் வேலைக்காரனை இயேசு நேரில் போகாமலேயே சுகமாக்கினாரே. ஆண்டவரே அன்றைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்தான்." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மத்தேயு எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தேன். தங்கை எட்டாம் வசனத்தைச் சொன்னாள்: "ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்." அது யார் சொன்னது? நூற்றுக்கதிபதி சொன்னது. அதற்கு ஒரு வசனம் முன்னால், ஏழாம் வசனத்தில் ஆண்டவர் என்ன சொல்கிறார்? "நான் வந்து, அவனைச் சொஸ்தமாக்குவேன்." நான் வந்து! கிளம்பிவிட்டார் அம்மா அவர்! அந்த மனுஷன்தான் என் வீட்டுக்குள் நீர் வர நான் பாத்திரன் அல்ல என்று தடுத்தான். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் இன்னும் விவரமாக இருக்கிறது: அவர்களோடுகூடப் போனார், வீட்டுக்குச் சமீபமாகவே போய்விட்டார். இன்னும் நாலு எட்டு வைத்தால் வாசல்.

நான் இதில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், நடுவர் மணியை அடித்தாலும் பரவாயில்லை. ஆண்டவர் வருகிறேன் என்றார், மனுஷன் வேண்டாம் என்றான். நம் காலத்தில் இது அப்படியே தலைகீழ். வியாதிக்காரர் வீட்டில் "ஐயா ஒரு எட்டு வந்து ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள், "வீடியோ கால் போடுங்க, இங்கேயே பண்ணிடலாம்" என்று பதில் வருகிறது. எங்கள் ஐயாவைச் சொல்லவில்லை, ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் பொதுவாகச் சொன்னேன். தங்கச்சி, கூரையைப் பிரித்து ஒருவனை இறக்கினார்களே நாலு பேர், அவர்கள் கையில் அன்றைக்கு போன் இருந்திருந்தால் கூரை தப்பியிருக்கும். அந்தத் திமிர்வாதக்காரன் படுக்கையோடு வாசலிலேயே கிடந்திருப்பான், நாலு பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

எதிரணி கொரோனாவைச் சொன்னார்கள். 2020 மார்ச் 27, மழை பெய்கிற மாலை, ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்ததை உலகமே திரையில் பார்த்தது. மறுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் பார்த்தோம், நாங்கள் சிஎஸ்ஐ, கத்தோலிக்கர் இல்லை, இருந்தும் அழுதோம். ஆனால் ஒருவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், குணமாகி வீட்டுக்கும் வந்தாயிற்று. இன்னும் அந்த டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரிய வேண்டுமா?

ஃபுல்டன் ஷீன் பேரையும் சொன்னார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர், 1952இல் இருந்து டிவியில் பேசினார், 1953இல் எம்மி விருதே வாங்கினார். பெரிய ஆள்தான். அவர் ஒரு கரும்பலகையில் எழுதிப் பேசுவார். அது நிரம்பியதும் கேமரா அவர் பின்னால் போகும், திரும்பி வருவதற்குள் பலகை துடைத்திருக்கும். என் தேவதூதன் துடைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு ஆயரைத் தெரியும். துடைத்தவனை யாருக்குத் தெரியும்? எங்கள் கோயிலிலும் பாய் விரிக்கிறவர், மணி அடிக்கிற கோயில்குட்டியார், திருவிருந்துப் பாத்திரம் கழுவுகிற பெரியம்மா, ஒருவரும் இதுவரை திரையில் வந்ததில்லை. யார் திரையில் வருகிறார்களோ அவர்கள்தான் சபை நடத்துகிறவர்கள் என்று சின்னப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். போன கமிட்டி தேர்தலில் பெரியவர்களும் அப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள், அதைப் பற்றி நான் பேசவில்லை.

அமெரிக்காவில், சியாட்டிலில் மார்ஸ் ஹில் என்று ஒரு சபை இருந்தது. ஐந்து மாநிலங்களில் 15 இடங்களில் கிளை. மார்க் டிரிஸ்கால் என்ற ஒரே போதகரின் பிரசங்கத்தைக் கிளைகளில் திரையில் ஓட்டுவார்கள். அடக்கி ஆள்கிறார் என்று குற்றச்சாட்டுகள் எழுந்து, 2014 அக்டோபரில் அவர் விலகினார். அந்த வருட முடிவோடு அந்தச் சபையே கலைந்தது. சில கிளைகள் தனித்தனிச் சபையாகப் பிழைத்துக்கொண்டன. பதினைந்து கோயிலுக்கு ஒரே முகம் என்றால், அந்த முகம் போன பிறகு பதினைந்து இடத்திலும் வெறும் திரைதானே மிச்சம்? இதைப் பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. வேண்டாம், நான் அந்தச் சேவலுக்கே போய்விடுகிறேன்.

அவனுக்கு ஏன் அந்தச் சேவல் என்று சொல்லாமல் விட்டேன் இல்லையா? அது அவன் அம்மா வளர்த்தது. மகனுக்கு மஸ்கட்டில் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் சேவல் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணி வளர்த்த சேவல். ஏலத்தில் எடுத்துத் திரும்ப அம்மாவிடமே கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தான்.

அந்த ஆச்சி கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது தூணுக்குப் பின்னால் உட்காருவாள். எங்கள் கேமரா பீடத்தை மட்டும்தான் பார்க்கும், அந்த இடம் திரையில் வராது. ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்கள் மட்டும் முன்னால் போய்ப் பெட்டியில் போடுவார்கள், அப்போது அவர்கள் திரையில் தெரிவார்கள். ஆச்சி வாரம் தவறாமல் பத்து ரூபாயைக் கவரில் வைத்துக் கொண்டுபோவாள். "வாராவாரம் என்ன ஸ்தோத்திரம் ஆச்சி?" என்று ஐயா ஒருதடவை கேட்டார், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெட்டியில் போட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, கேமராவை ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு விநாடி இருக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். கம்பெனி வேனில் போகிற வழியில் அவன் அந்த இரண்டு விநாடிக்காகப் போனைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

அத்தான், கை தட்டுகிறீர்கள். இது உங்கள் பக்கத்துக் கதை என்று எனக்கும் தெரியும். தட்டுங்கள்.

போன ஆடியில் ஆச்சி இறந்துபோனாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தை லைவில் பார்த்தான். "கொஞ்சம் முகத்துப் பக்கம் காட்டுங்க" என்று கமெண்ட் போட்டான். அது இங்கே வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். அரை நிமிடம்தான்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கம் உட்காரவில்லை, நேராகப் போய் அந்த மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஆச்சியின் இடத்தில் உட்கார்ந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்காமல் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பீடமே தெரியவில்லை, நடுவர் அவர்களே. தூண் மறைக்கிறது. கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும் நேராகத் தெரிகிறது.

மணி அடித்துவிட்டீர்கள். தோத்திரம்.